ஓசோன் ஜெனரேட்டர் உண்மையில் எத்தனை கிராம் தருகிறது? ஆய்வகத்தில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கேன் வாட்டர் கம்பெனிகளில் ஆர்.ஓ.வுக்குப் பக்கத்தில் ஓர் ஓசோன் ஜெனரேட்டர் நிற்கும். பெட்டியின் மேல் ‘மணிக்கு 10 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பத்து கிராம் நிஜமாகவே வருகிறதா என்று கேட்டால், “வாசனை வருதே சார், அப்புறம் என்ன?” என்பதுதான் பெரும்பாலும் பதில். வாசனையை நம்ப முடியாது. 0.05 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.05 பங்கு) இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், ஜெனரேட்டரின் குழாயில் ஓடுவதோ அதைப் போல் பல லட்சம் மடங்கு. பாதி குறைந்தாலும் மூக்குக்கு ஒன்றும் தெரியாது.

குறைவாகப் போனால் தண்ணீர் சுத்தமாகாது. அதிகமாகப் போனால் வேறு பிரச்சினை. கடலோரத்தில் உப்பேறிய நிலத்தடி நீரில் புரோமைடு இருக்கும், ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும். குடிநீரில் புரோமேட் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, அளந்துதான் ஆக வேண்டும்.

கெமிஸ்ட்ரி லேப் உள்ள எந்தக் கல்லூரியிலும் செய்யக்கூடிய அயோடோமெட்ரி முறையை, அதாவது ஓசோன் பிரிக்கும் அயோடினை அளந்து ஓசோனைக் கணக்கிடும் முறையை, இங்கே விரிவாகச் சொல்கிறேன். அப்புறம் யு.வி. முறை, கடைசியில் வெளிக்காற்றில் அளப்பது பற்றிக் கொஞ்சம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்துக் கணக்கிடும் டைட்ரேஷனைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பெரிய தப்பு நடப்பது அங்கே இல்லை, எத்தனை லிட்டர் வாயு போனது என்ற கணக்கில்தான். அதிலும் நம் டெல்டா வெயிலிலும் ஈரத்திலும் அந்தக் கணக்கு எளிதாக 15, 20 சதவீதம் புரண்டுவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஓசோன் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் போனதும் அயோடைடை அயோடினாக மாற்றுகிறது. ஒரு ஓசோன் மூலக்கூறுக்கு ஒரு அயோடின் மூலக்கூறு. கூடவே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் கொஞ்சம் காரமும் வரும். வந்த அயோடினை சோடியம் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்தால் ஓசோன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1839-இல் பாசல் நகரில் ஷோன்பைன் ஓசோனைக் கண்டுபிடித்த பிறகு அதைக் காட்டிக்கொடுக்க ஸ்டார்ச்சும் அயோடைடும் தடவிய காகிதத்தைத்தான் பயன்படுத்தினார். நாம் செய்வதும் அதே வேதியியல்தான், பியூரெட் மட்டும் கூடுதல்.

இதில் ஒரு வசதி உண்டு. ஒரு ஓசோன் போனால் ஒரு ஆக்சிஜன் வருவதால் வாயுவின் கன அளவு மாறுவதில்லை. அதனால் மீட்டரைக் கரைசல் பாட்டில்களுக்குப் பின்னால் வைக்கலாம், ஓசோன் மீட்டரை அரிக்கும் என்ற கவலையும் இல்லை.

முதலில் பாதுகாப்பு

ஜன்னல் திறந்த அறை, முடிந்தால் ஃப்யூம் ஹூட். வேலை செய்யும் இடத்தில் 8 மணி நேர சராசரி 0.1 பிபிஎம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வரம்பு. 5 பிபிஎம் என்பது உடனடி ஆபத்து. ஓசோன் காற்றைவிடக் கனமானது, ஒன்றரை மடங்குக்கும் மேல், அதனால் தரையோரம் தங்கும். மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால் “இப்போ வாசனை இல்லையே” என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம், வெளியே போய்விட்டு வரச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் ஆக்சிஜனில் ஓடுகிறது என்றால் பக்கத்தில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. கழிவு ஓசோனை அழிக்க மாங்கனீஸ் டை ஆக்சைடு கேட்டலிஸ்ட் வைத்தால் நல்லது. ஆக்சிஜன் கலந்த அடர்த்தியான ஓசோனை ஆக்டிவேட்டட் கார்பன் வழியாக விடுவது தீப்பிடிக்கிற வேலை.

கரைசல்கள்

பொட்டாசியம் அயோடைடு 20 கிராம், 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில். பஃபர் எதுவும் வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பக்கத்து பிளான்ட்டின் ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது, போர் தண்ணீர் சுத்தமாக ஆகாது. கொஞ்சம் குளோரின், நைட்ரைட், ஃபெரிக் இரும்பு எது இருந்தாலும் ஓசோன் போகும் முன்பே அயோடின் பிரியத் தொடங்கும். கரைசல் நிறமற்று இருக்க வேண்டும். லேசாக மஞ்சள் தட்டினாலும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், அயோடைடு விலை கொஞ்சம் கடிதான் என்றாலும். பிரவுன் பாட்டிலில், இருட்டில் வையுங்கள்.

சோடியம் தயோசல்பேட், ஐந்து நீர் மூலக்கூறு உள்ள படிகம், 24.82 கிராம். கொதிக்க வைத்து ஆறவைத்த டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து 1 லிட்டராக்கினால் சுமார் 0.1 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). ‘சுமார்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எடைபோட்ட கணக்கை அப்படியே பயன்படுத்தக் கூடாது, செறிவு துல்லியமாகத் தெரிந்த இன்னொரு கரைசலோடு ஒப்பிட்டுத் தரப்படுத்தியே ஆக வேண்டும். ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட் போட்டால் பாக்டீரியா கரைசலைத் தின்பது குறையும்.

தரப்படுத்த பொட்டாசியம் டைக்ரோமேட்டை நிறைய கல்லூரிகளில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். லிட்டருக்கு 4.903 கிராம் போட்டால் 0.1 நார்மல். நான் பொட்டாசியம் அயோடேட் பக்கம்தான், லிட்டருக்கு 3.567 கிராம். டைக்ரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது, அதோடு முடிவில் பச்சை நிறம் மிச்சமிருப்பதால் புதிதாகச் செய்பவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று குழப்பம் வரும். அயோடேட்டில் முடிவு நிறமற்றது, சந்தேகமே இல்லை.

கந்தக அமிலம் 2 நார்மல்: சுமார் 56 மி.லி. அடர் அமிலத்தைத் தண்ணீரில் மெதுவாக ஊற்றி, ஆறிய பிறகு 1 லிட்டராக்குங்கள். அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்டார்ச் 1 கிராம், 100 மி.லி. கொதிநீரில். நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு ஸ்டார்ச் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும், சோறு வடித்த கஞ்சி போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். கஞ்சியும் நீலமாகும்தான். ஆனால் நீலம் தருவது அமைலோஸ், அமைலோபெக்டின் செம்மை கலந்த ஊதா தரும். இரண்டின் விகிதம் அரிசி ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால் முடிவுப்புள்ளி மங்கலாகிவிடும். வகுப்பில் வேடிக்கை காட்டக் கஞ்சி சரி, அளவீட்டுக்குக் கடை ஸ்டார்ச்தான்.

குழாய்களும் பாட்டில்களும்

ஓசோன் படும் இடத்திலெல்லாம் கண்ணாடி, டெஃப்லான், 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ரப்பர் குழாய் வெடித்துப் பிளந்துவிடும், அதற்கு முன்பே ஓசோனைத் தின்றுவிடும். கண்ணாடி ஜாயிண்ட்களில் வேக்குவம் கிரீஸ் தடவாதீர்கள், இரண்டு துளி தண்ணீர் போதும். புதிதாக மாட்டிய குழாயில் முதலில் கொஞ்ச நேரம் ஓசோனை ஓடவிட்டு ‘பழக்கி’ வையுங்கள், இல்லாவிட்டால் முதல் அளவீடு குறைவாகவே வரும்.

அமைப்பு இப்படி: ஜெனரேட்டரிலிருந்து வரும் கோட்டில் டெஃப்லான் மூன்று வழி வால்வு. அதன் ஒரு வழி கழிவுக்கு, இன்னொரு வழி வரிசையாக இரண்டு கேஸ் வாஷிங் பாட்டில்களுக்கு. ஒவ்வொன்றிலும் 200 மி.லி. அயோடைடு கரைசல். இரண்டாவது பாட்டில் தப்பி வரும் ஓசோனையும், முதல் பாட்டிலிலிருந்து ஆவியாகி வரும் அயோடினையும் பிடிக்க. அதற்குப் பின்னால், போன வாயு எத்தனை லிட்டர் என்று அளக்கும் வெட் டெஸ்ட் மீட்டர்.

வெட் மீட்டர் நம் ஊர்க் கல்லூரிகளில் அபூர்வம். இல்லையென்றால் 5 லிட்டர் ஆஸ்பிரேட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாயு தள்ளும் தண்ணீரை அளவு ஜாடியில் பிடியுங்கள். முடித்ததும் வெளியேறும் குழாயின் வாயை மேலே கீழே நகர்த்தி, பாட்டிலுக்குள் இருக்கும் நீர்மட்டத்துக்குச் சமமாக நிறுத்துங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளி அழுத்தத்துக்குச் சமம். இந்த ஒரு நிமிட வேலையைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. ரோட்டாமீட்டரையும் (வாயு ஓடும் வேகத்தைக் காட்டும் மிதவைக் குழாய்) ஸ்டாப்வாட்ச்சையும் மட்டும் நம்பி லிட்டர் கணக்குப் போடாதீர்கள். காற்றுக்கு அளவு குறித்த ரோட்டாமீட்டரில் ஆக்சிஜன் ஓடினால் அது காட்டுவது சுமார் 5 சதவீதம் அதிகம்.

ஓட்டம்

ஜெனரேட்டரைப் போட்டு அரை மணி நேரமாவது வால்வைக் கழிவுப் பக்கம் வைத்து ஓட விடுங்கள். வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர் மின்னழுத்த மின்னிறக்கத்தால் ஓசோன் உண்டாக்கும் கொரோனா டிஸ்சார்ஜ் எந்திரத்தின் விளைச்சல் மின்னழுத்தத்தோடு ஏறி இறங்கும். பம்ப்செட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிற குறுவைக் காலத்தில் கிராமப்புற லைனில் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெபிலைசர் இருந்தால் நிம்மதி.

மீட்டரின் ஆரம்ப அளவைக் குறித்துவிட்டு வால்வைத் திருப்புங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மேல் வேண்டாம். முதல் பாட்டில் கண்ணெதிரே மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் செம்பழுப்பாக மாறும். 2 லிட்டர் அளவுக்குப் போனதும் வால்வைத் திருப்பி மீட்டரைப் படியுங்கள். மீட்டருக்குள் இருக்கும் வெப்பநிலை, அன்றைய காற்றழுத்தம் இரண்டையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பிறகு பாட்டில்களுக்குள் தங்கிய ஓசோனை ஆக்சிஜனோ சுத்தமான காற்றோ விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். இந்த வாயு கணக்கில் சேராது.

டைட்ரேஷன்

இப்போது ஒவ்வொரு 200 மி.லி.க்கும் 10 மி.லி. கந்தக அமிலம் சேருங்கள். பிஎச் 2-க்குக் கீழே போக வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஓசோன் விடும் முன்பே அமிலம் சேர்த்தால் அளவு உண்மையைவிட அதிகமாக வரும். சேர்க்காமலே விட்டாலும் தப்பு, வினையில் உண்டாகும் காரத்தில் கொஞ்சம் அயோடின் அயோடேட்டாக ஒளிந்துகொள்ளும், அமிலம்தான் அதைத் திரும்ப வெளியே கொண்டுவரும். அமிலம் சேர்த்த பிறகு காத்திருக்கவும் கூடாது. அமிலத்தில் இருக்கும் அயோடைடைக் காற்றில் உள்ள ஆக்சிஜனே அயோடினாக்கத் தொடங்கும், வெளிச்சம் பட்டால் இன்னும் வேகமாக. டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்து போகிற இடம் இது இல்லை.

பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டை விடுங்கள். பழுப்பு வெளுத்து வைக்கோல் நிறம் வரும். அதுவும் மங்கும் தருவாயில்தான் ஸ்டார்ச் 1 அல்லது 2 மி.லி. முன்கூட்டியே போட்டால் அயோடின் ஸ்டார்ச்சோடு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் விடாது. அடர்நீலம் வந்ததும் சொட்டுச் சொட்டாக, நீலம் மறையும் வரை. சில நிமிடம் கழித்து நீலம் திரும்பி வந்தால் பொருட்படுத்தாதீர்கள், அது காற்றின் வேலை. சித்திரை, வைகாசியில் ஃபேன் மட்டும் ஓடும் லேபில் கரைசலே சூடாக இருக்கும், சூட்டில் ஸ்டார்ச் நீலம் மங்கலாகத் தெரியும். ஃபிளாஸ்க்கைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் கொஞ்சம் வைத்துவிட்டுச் செய்தால் முடிவு பளிச்சென்று தெரியும்.

இரண்டு பாட்டில்களையும் தனித்தனியாக டைட்ரேட் செய்யுங்கள். இரண்டாவதில் மொத்தத்தின் 5 சதவீதத்துக்கு மேல் வந்தால் வாயுவை வேகமாக விட்டிருக்கிறீர்கள், ஓட்டத்தைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். இரண்டாவது பாட்டில் கொஞ்சம்தான் என்பதால் அதற்குத் தயோசல்பேட்டைப் பத்து மடங்கு நீர்த்துக்கொண்டால் துல்லியம் கூடும், கணக்கில் அந்த நார்மாலிட்டியைப் போட மறக்காமல் இருந்தால் சரி. ஓசோன் விடாத அதே கரைசலில் ஒரு பிளாங்க்கும் எடுத்துக் கழித்துவிடுங்கள்.

கணக்கு: இங்கேதான் விஷயம்

ஓசோன் மில்லிகிராம் = தயோசல்பேட் மி.லி. × நார்மாலிட்டி × 24. அந்த 24, ஓசோனின் மூலக்கூறு எடையான 48-இல் பாதி.

ஓர் உதாரணக் கணக்கு. இரண்டு பாட்டிலும் சேர்த்து, பிளாங்க் கழித்து, 0.1 நார்மல் தயோசல்பேட் 32.0 மி.லி. என்றால் 32 × 0.1 × 24 = 76.8 மில்லிகிராம். மீட்டரில் போனது 2.00 லிட்டர். அப்படியே வகுத்தால் லிட்டருக்கு 38.4 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 38.4 கிராம். நிறைய ரிப்போர்ட்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன.

ஆனால் அந்த 2 லிட்டர் 33 டிகிரியில், 1005 மில்லிபார் அழுத்தத்தில், தண்ணீர் ஆவி நிறைந்த 2 லிட்டர். ஜெனரேட்டர் விற்பவர் சொல்லும் எண்ணோ 0 டிகிரியில், 1013 மில்லிபாரில், உலர்ந்த வாயுவுக்கு. 33 டிகிரியில் நீராவி மட்டுமே 50 மில்லிபார் இடம் பிடித்திருக்கும். ஆக உலர்வாயுவின் அழுத்தம் 955. கணக்கு: 2.00 × (273 ÷ 306) × (955 ÷ 1013) = 1.68 லிட்டர். இப்போது 76.8-ஐ 1.68-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 45.7 கிராம். 38-க்கும் 46-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒருவர் எந்திரம் பழுது என்று சண்டைக்குப் போவார், இன்னொருவர் பேசாமல் இருப்பார். டைட்ரேஷனில் இரண்டு சொட்டு கூடினால் வருவது அரை சதவீதம்கூட இல்லை.

டெல்டா கடல்மட்டத்தை ஒட்டியது, அதனால் காற்றழுத்தத் திருத்தம் இங்கே சின்னது. வெப்பமும் ஈரமும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. இதே வேலையைக் கொடைக்கானலில் செய்தால் அழுத்தம் 800 மில்லிபாருக்குக் கீழே, அங்கே கதை தலைகீழ்.

மணிக்கு எத்தனை கிராம் என்று வேண்டுமானால் ஜெனரேட்டரிலிருந்து வரும் மொத்த வாயு ஓட்டத்தால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர், அதே 0 டிகிரிக்குத் திருத்தியது, என்றால் மணிக்கு 0.18 கன மீட்டர். 45.7 × 0.18 = 8.2 கிராம். ஸ்டிக்கர் சொன்ன 10 அல்ல. எடைச் சதவீதம் கேட்பவர்களுக்கு: ஆக்சிஜனில் 1 சதவீதம் என்பது சுமார் 14.3 கிராம், காற்றில் சுமார் 12.9 கிராம், கன மீட்டருக்கு. மேலே வந்தது சுமார் 3.2 சதவீதம்.

மூன்று முறை செய்து மூன்றும் 2, 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நம்பலாம்.

எண் குறைவாக வந்தால்

எந்திரத்தைத் திட்டும் முன் உள்ளே போகும் காற்றைப் பாருங்கள். காற்றில் ஓடும் ஜெனரேட்டருக்கு மைனஸ் 60 டிகிரி பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) அளவுக்கு உலர்ந்த காற்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சிலிக்கா ஜெல் சீக்கிரமே நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிடும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஈரம் போனால் ஓசோன் குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும், நைட்ரிக் அமிலம் உருவாகி எலெக்ட்ரோடையே அரிக்கும். தொந்தரவு என்னவென்றால் நைட்ரஜன் டை ஆக்சைடும் அயோடைடிலிருந்து கொஞ்சம் அயோடினைப் பிரிக்கும். ஆக ஈரக்காற்றில் ஓடும் எந்திரத்துக்கு டைட்ரேஷன் கொஞ்சம் நல்ல பெயர் வாங்கித் தந்துவிடும். குளோரின் வந்தாலும் அப்படியே. இந்த முறைக்கு ஆக்சிஜனேற்றி எல்லாம் ஒன்றுதான், ஓசோனைத் தனியாக அடையாளம் தெரியாது.

யு.வி. முறை

ஓசோன் 254 நானோமீட்டர் ஒளியைப் பலமாக உறிஞ்சும். மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 3000. இதிலிருந்து கைக்கு எளிதான ஒரு சூத்திரம் வரும்: கன மீட்டருக்குக் கிராம் = 16 × உறிஞ்சளவு ÷ ஒளிப்பாதை செ.மீ. கல்லூரி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வாயு ஓடும் குவார்ட்ஸ் செல் மாட்டினால் போதும், சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியை விடாது. 1 செ.மீ. செல்லில் 45 கிராம் ஓசோன் உறிஞ்சளவை 3 பக்கம் கொண்டுபோய்விடும், அங்கே கருவி நம்பகமில்லை. அதனால் அரை செ.மீ. அல்லது அதைவிடக் குறுகிய செல். முதலில் ஓசோன் இல்லாத ஆக்சிஜனில் பூஜ்யம் வைத்துவிட்டு, பிறகு ஓசோனை விடுங்கள்.

அரை செ.மீ. செல்லில் 1.25 என்று காட்டினால் 40 கிராம். அதுவும் செல்லின் வெப்பநிலையில்தான். 33 டிகிரி, 1005 மில்லிபாரிலிருந்து 0 டிகிரி, 1013 மில்லிபாருக்குத் திருத்தினால் 45.2 வரும். அதே நாளில் டைட்ரேஷனும் யு.வி.யும் இந்த அளவுக்கு ஒத்துப்போனால் இரண்டையும் நம்பலாம், இரண்டுக்கும் பொதுவான தப்பு அதிகம் கிடையாது. மிகத் துல்லியம் தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: உலகம் முழுக்க வளிமண்டல ஓசோன் கருவிகள் 1961-ஆம் ஆண்டின் உறிஞ்சுமதிப்பை வைத்தே ஓடின. 2019-இல் பரிந்துரைத்த புதிய மதிப்பு அதைவிடச் சுமார் 1.3 சதவீதம் குறைவு.

வெளிக்காற்றில் அளக்க வேண்டுமா?

அது வேறு ஆட்டம். இந்தியத் தரநிலை 8 மணி நேர சராசரிக்குக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், 1 மணி நேரத்துக்கு 180. மேலே அளந்த வாயுவோடு ஒப்பிட்டால் பல லட்சத்தில் ஒரு பங்கு. இதற்கு நியூட்ரல் பஃபர்டு அயோடைடு முறை: 1 சதவீத அயோடைடு, பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபர், காற்றைக் கரைசலுக்குள் குமிழிகளாக விடும் சின்ன இம்பிஞ்சரில் 10 மி.லி., நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று, பிறகு 352 நானோமீட்டரில் நிறத்தை அளப்பது. தாமதிக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். சல்பர் டை ஆக்சைடு அளவைக் குறைத்துக் காட்டும், நைட்ரஜன் டை ஆக்சைடு கூட்டிக் காட்டும். அமெரிக்கா 1979-லேயே கருவிகளைச் சரிபார்க்க அயோடைடை விட்டுவிட்டு யு.வி.க்கு மாறிவிட்டது. படிக்க, பழக நல்ல முறை, தீர்ப்புச் சொல்ல யு.வி. அனலைசர்தான். வெயிலில்தான் இந்த ஓசோன் உருவாகும் என்பதால் அளக்கப் போகிறவர்கள் பிற்பகல் உச்சத்தை விட்டுவிடாதீர்கள், காலை எட்டு மணிக்கு வந்து அளந்துவிட்டு ‘நம்ம ஊர் காற்று சுத்தம்’ என்று எழுதினால் அது அளவீடு இல்லை.

மிஞ்சிய அயோடின் கரைசலில் நிறம் போகும் வரை தயோசல்பேட் சேர்த்து, சலவைச் சோடாவால் அமிலத்தைச் சரிக்கட்டிய பிறகு சிங்க்கில் நிறையத் தண்ணீரோடு விடலாம். டைக்ரோமேட் பயன்படுத்தியிருந்தால் அதன் கழிவைத் தனி பாட்டிலில் பெயர் எழுதிச் சேர்த்து வையுங்கள், லேபுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு அது போகக் கூடாது.